கொக்கு வருவதற்கு முந்தின பக்கம்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் இவர்கள். அப்பா. அம்மா. அம்மா மடியில் தம்பி. புத்தக வேன் ஓட்டுகிறவர், தெருவுக்கே அவர் வேன் அண்ணன். தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு நான். வாசலில் கட்டிக் கிடந்த ஆட்டையும் சேர்த்தால் ஆறு. ஆட்டைத் தவிர எல்லோருக்கும் அந்தக் கடிதத்தில் பங்கு உண்டு. பெரிய பங்கு எனக்கு.

அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். உங்களுக்கு எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்களும் அந்த வேனுக்குப் பின்னால் ஓடியவர்கள். செல்லூர்ச் சந்துக்குள் அது நுழையாது. முக்கில் நிற்கும். பக்கத்துக் கதவைத் தூக்கிக் கட்டினால் உள்ளே அடுக்கடுக்காக ரஷ்யப் புத்தகம். வழவழத் தாள். ஒரு புத்தகத்தை விரித்து மூக்கில் வைத்தால் புது ரப்பரும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசம் வரும். நம் பாடப் புத்தகத்துக்கு அந்த வாசம் கிடையாது. நம் எல்லோருக்கும் இப்போது அறுபது ஆகப் போகிறது, சிலருக்குத் தாண்டியும் விட்டது. ஆனாலும் அந்த வாசம் என்றால் உங்களுக்குத் தெரியும்.

அப்பாவுக்கு பைண்டிங் பட்டறையில் வேலை. அவர் எழுமலைப் பக்கம். நிலம் கிடையாது. பிறத்தியார் காட்டில் கூலி. வளர்ந்தபின் மதுரைக்கு வந்து காகிதம் வெட்டுகிற மிஷினைப் பழகிக்கொண்டார். நாள் முழுக்கப் புத்தகத்தோடு கிடப்பார். ஓர் எழுத்துப் படிக்கத் தெரியாது. பக்கம் எண்ணத் தெரியும்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். முனை நசுங்கிய புத்தகம் ஒன்றை வேன் அண்ணன் எனக்குச் சும்மா கொடுத்தார். ஒரு கொக்கு கதை. ஊர் ஒன்று. கொக்கு தூர தேசத்திலிருந்து கோதுமைக் கதிரைக் கொத்திக்கொண்டு வருகிறது. ஊர் சிரிக்கிறது. அவ்வளவுதான் கதை. கொக்கு வருவதற்கு முந்தின பக்கம் முழுக்கப் படம். கீழே ஒரே ஒரு வரி. ‘கோடை வெயிலில் ஊர் உறங்கிக்கொண்டிருந்தது.’

நான் அந்த வரியைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவருக்கு வரி தெரியாது. படம்தான் தெரியும்.

"இது தூங்குற ஊரு இல்ல தாயி" என்றார்.

"அப்பிடித்தானப்பா போட்டிருக்கு."

"போட்டிருக்கட்டும். தெருவுல ஒரு நாய் இருக்கா பாரு."

பார்த்தேன். இல்லை.

"குருவி?"

இல்லை.

"கூரையப் பாரு. ஒரு பக்கம் வைக்கோல உருவியிருக்கு. மாட்டுக்குப் போட்டிருக்கான். பொறவு மாட்டையும் காணோம். அந்த மரத்துல கையெட்டுற மட்டுக்கும் பட்டை இல்ல. இந்தா, இந்தப் பொம்பளைக்குக் கையி குச்சி. காலு மட்டும் தூணாட்டம். பட்டினி முத்துனா காலு வீங்கும்." ஓரத்தில் ஒரு பையன் குச்சியால் மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தான். நான் விளையாடுகிறான் என்று நினைத்திருந்தேன். அப்பா அவன்மேல் விரலை வைத்து வெகுநேரம் எடுக்கவில்லை. "எலிவளை தோண்டுறான். உள்ள எலி சேத்துவச்ச தானியம் இருக்கும்."

அவர் தோண்டியிருக்கிறார். மழையில்லாத ஒரு வருஷம் அவருடைய தம்பியும் தங்கச்சியும் போய்விட்டார்கள். அதுவரை அதை எங்களிடம் சொன்னதில்லை. அன்றுதான் சொன்னார். ஒரு வரியில் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேன் அண்ணன் வந்தபோது அப்பா படத்தைக் காட்டி எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். வேன் அண்ணன் அசந்துபோனார். அவர் கையால் எடுத்து விற்கிற புத்தகம். அவரும் அதைப் பார்த்ததில்லை.

"அண்ணே, இத அப்பிடியே எழுதிப் போடுங்க. கடேசிப் பக்கத்துல அட்ரஸ் இருக்கு, புத்தகம் எப்பிடின்னு எழுதச் சொல்லி. தொழிலாளி எழுதுன கடுதாசின்னா அங்க தனி மரியாதை."

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "சோறு இல்லாமக் கெடந்தத சீமைக்கு வேற எழுதணுமாக்கும்? இருக்குற மானத்தையும் தபால்ல போடுங்க."

"அடியே, ஒரு மனுசன் நம்ம கதைய வரைஞ்சிருக்கான். நல்லாருக்குன்னு சொல்ல வேணாமா?"

"நல்லாருந்தா மனசுல வச்சுக்கங்க."

"மதினி, ஸ்டாம்புக் காசு நான் தாரேன்" என்றார் வேன் அண்ணன்.

"ஸ்டாம்பு ஒட்டத்தான் நாக்கு இருக்கு உங்களுக்கு" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அம்மா சொன்னதுதான் சரி என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்.

அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். நாய் இல்லாதது. கூரை. மரப்பட்டை. வீங்கிய கால். எலிவளை. ‘பட்டினி கிடந்தவன் பார்த்தால் தெரியும் ஐயா. படம் வரைந்தவருக்கு எங்கள் வணக்கம்.’ அதோடு அப்பா முடித்துவிட்டார். கை கழுவப் போனார். தாளில் இன்னும் இரண்டு விரல் இடம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பக்கம் நிறைய எழுதினால்தான் டீச்சர் முழு மார்க் போடுவார். வெற்றிடம் விட்டால் சுழித்துவிடுவார். அந்தப் பழக்கம் எனக்கு. முந்தின நாள் அப்பா அம்மாவிடம் சும்மா சொன்ன ஒன்று ஞாபகம் வந்தது. அதை எழுதி நிரப்பினேன்.

‘இதை வரைந்தவரும் சின்ன வயதில் பட்டினி கிடந்திருப்பார் என்று எங்கள் அப்பா சொல்கிறார்.’

யாரும் எழுதச் சொல்லவில்லை. பக்கம் நிறைந்தது. எழுத்து அழகாக இருந்தது.

நாலைந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. நன்றி என்று இரண்டு வரி. கூடவே பனி பெய்கிற படம் போட்ட காலண்டர். அப்பா அதைப் பட்டறையில் மாட்டினார். "என் மக எழுதுனதுக்கு வந்துச்சு" என்று பில் புக் அடிக்க வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். வாரம் திங்களில் தொடங்குகிற, நமக்கு ஒத்துவராத காலண்டர். ஆனாலும் கிழிக்காமல் வைத்திருந்தார்.

அடுத்த கோடையில் வேனை அனுப்புகிற புத்தகக் கடையிலிருந்து பட்டறைக்குப் பெட்டிகள் வந்தன. எல்லாம் கொக்கு புத்தகம். கடையில் விற்காமல் இருந்தவையும், புதிதாகக் கப்பலில் வந்தவையும். மாஸ்கோவிலிருந்து மேலிடத்துக் கடிதம் என்று கடை மேனேஜர் சொன்னார். ஒரு தாளை வெட்டி எடுக்கவேண்டும். முன்பக்கத்தில் ஓவியர் பெயர்மேல் துண்டுச் சீட்டு ஒட்டவேண்டும். சீட்டுகளும் அச்சடித்து வந்திருந்தன. ‘ஓவியங்கள்: ஓவியர் குழு.’

எந்தத் தாள் என்று பிரித்துப் பார்த்தார் அப்பா. கொக்கு வருவதற்கு முந்தின பக்கம். "பிள்ளைக பயப்படும்னு எடுக்கச் சொல்றாக போல" என்றார். அவரே கேள்வி கேட்டு அவரே பதில் சொன்ன மாதிரி இருந்தது.

லீவு என்பதால் நானும் போனேன். அப்பா பிளேடால் தையலை ஒட்டித் தாளை எடுப்பார். நான் சீட்டு ஒட்டுவேன். மைதாப் பசை. பூச்சி அரிக்காமல் இருக்க மயில் துத்தம் போட்டிருக்கும். விரல் நீலமாகிவிடும். சாப்பிடுமுன் மண் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஒவ்வொரு தடவையும் ஓவியர் பெயரைப் பார்த்து அதன்மேல் சீட்டை அமுக்கினேன். உக்ரேன் நாட்டுப் பெயர். தமிழில் அச்சடித்திருந்தும் வாயில் நுழையாது. நாலாம் நாள் நுழைந்துவிட்டது. பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே ஒட்டினேன்.

இன்றைக்கும் அந்தப் பெயர் மறக்கவில்லை. இங்கே எழுத மாட்டேன். ஒட்டி மறைத்த கையால் எழுதக் கூசுகிறது.

ஐந்தாம் நாள் மத்தியானம் வேன் அண்ணன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாஸ்கோவில் இருந்துகொண்டு அந்தப் புத்தகங்களைத் தமிழில் பெயர்க்கிறவர். லீவில் ஊருக்கு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காமல் கிட்டே வந்து உட்கார்ந்தார்.

"செல்லூர்ல இருந்து ஒரு கடிதம். எலிவளை பத்தி. நீங்கதானா?"

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாங்கய்யா. மக எழுதுச்சு. எப்பிடி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. அதான் வினை."

அப்பா சிரித்துக்கொண்டே இருந்தார். புரியவில்லை.

"அதை ரஷ்யன்ல பெயர்த்தது நான். வார்த்தை மாறாம செஞ்சேன். அது என் வேலை" என்றார் அவர். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த ஓவியர் சொன்னபடி வரைகிற ஆள் இல்லை. தன் இஷ்டத்துக்கு வரைந்தார். அவருடைய பெரிய படங்களை எங்கேயும் மாட்ட விடவில்லை. அதனால் பிள்ளைகள் புத்தகத்துக்கு வந்தார். அதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது உக்ரேனில் பெரிய பஞ்சம். கூடப் பிறந்தவர்கள் செத்தார்கள். ஆனால் அப்படி ஒரு பஞ்சம் வரவே இல்லை என்றுதான் அங்கே எல்லோரும் பேசவேண்டும்.

"வரவே இல்லையா?" என்றார் அப்பா.

"வரவே இல்லை. கோடையில ஊர் தூங்குதுன்னு கீழ ஒரு வரி போட்டுத் தப்பிச்சிட்டார். அங்க தெரியாதவங்களுக்குத் தெரியல. தெரிஞ்சவங்க வாயத் திறக்கல. இங்க இருந்து கடிதம் வந்துச்சு."

மிஷின் சக்கரத்தின்மேல் அப்பா கை வைத்திருந்தார்.

"கூட்டம் போட்டு வாசிச்சாங்க. ஓவியர் எல்லாம் கற்பனைன்னார். நாய் வரைய மறந்துட்டேன்னார். விட்டிருப்பாங்க. கடைசி வரி ஒண்ணு இருந்துச்சே, வரைஞ்சவரும் பட்டினி கிடந்திருப்பார்னு. அதை வாசிச்சுட்டு, நீ கிடந்தியான்னு நேரா கேட்டாங்க. அவர் பதில் சொல்லல."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என் விரலைப் பார்த்தேன். நீலமாக இருந்தது.

"அந்த வரியும் நான் சொன்னதுதாங்கய்யா" என்றார் அப்பா. "நாந்தான் எழுதச் சொன்னேன்."

அதற்கு முன் அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

அவரை ஓவியர் சங்கத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். வேலை போயிற்று. வீட்டுக்கு வந்து இருந்த படங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவரைப் பற்றித் தகவல் இல்லை. வந்தவருக்கு இவ்வளவுதான் தெரியும். வாங்கிவந்த டீயில் ஆடை படிந்து அப்படியே இருந்தது. போகும்போது, "உங்க மேல தப்பில்ல" என்றார். அதை இரண்டு தடவை சொன்னார். தன்னையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்.

மறுநாள் அப்பா மறுபடி ஒரு கடிதம் எழுதச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். பேனாவை எடுத்து என் கையில் வைத்து விரலை மடக்கினார். சொல்லச் சொல்ல எழுதினேன்.

‘ஐயா, போன கடிதம் தப்பு. நான் படிக்காதவன். படம் பார்க்கத் தெரியாது. அந்த ஊர் தூங்குகிறது. நாய் வீட்டுக்குப் பின்னால் இருக்கும். நான் பட்டினி கிடந்ததில்லை. எங்கள் வீட்டில் யாரும் பட்டினி கிடந்ததில்லை. எனக்குத் தம்பி தங்கை கிடையாது.’

அம்மா அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டாள். தாளில் பாதிக்குமேல் வெற்றிடம். நான் நிரப்பவில்லை.

பதில் வரவில்லை.

அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. பட்டறையில் வெட்டி முடித்தாயிற்று. வெட்டிய தாளை எண்ணி மேனேஜர் முன்னால் எரித்தாயிற்று. அப்புறம்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. வேனில் முன்பே விற்றுப்போன புத்தகங்களில் படம் இருக்கிறதே.

"படமே இல்லாட்டி எத வச்சு அந்த மனுசன்மேல குத்தம் சொல்லுவாக?" என்று வேன் அண்ணனிடம் கேட்டார். "எங்கெங்க வித்தீகன்னு சொல்லுங்க."

"அண்ணே, வித்தது வித்ததுதான். அதையெல்லாம் அவங்க கேக்கல."

"நான் கேக்குறேன்."

வேன் அண்ணன் ரசீதுப் புத்தகங்களைக் கொண்டுவந்தார். நாற்பத்தொரு புத்தகம் வெளியே போயிருந்தது. எனக்குக் கொடுத்ததையும் சேர்த்து. அதைத்தான் முதலில் வெட்டினார். என் கண் முன்னால். எலிவளைப் பையனை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு அடுப்பில் வைத்தார்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நான் போகவில்லை. ரசீதில் உள்ள பெயரும் ஊரும் படித்துச் சொல்ல அப்பாவுக்கு ஆள் வேண்டும். ஞாயிறு பட்டறை லீவு. மற்ற நாளிலும் அரைநாள் கேட்பார். முதலாளி, "என்னய்யா, கலெக்டர் ஆபீஸ்ல உத்தியோகமா உனக்கு?" என்று கத்துவார்.

செல்லூரில் ஒன்பது. உங்கள் வீடுகளுக்கு வந்தோம். இதைச் சொல்லத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அப்பா வாசலில் நின்று, "அந்தப் புத்தகத்துல ஒரு தாளு தப்பா அச்சாகிப்போச்சு, எடுத்துட்டுத் தாரேன்" என்பார். கையில் பிளேடு. உங்களில் ஒருத்தி புத்தகத்தைப் பாவாடைக்குள் ஒளித்தாள். உன் அப்பா அடித்துப் பிடுங்கிக் கொடுத்தார். நீ அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது. தாள் தப்பாக அச்சாகவில்லை. இப்போது சொல்கிறேன்.

உசிலம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்து. வாத்தியார் பீரோவைத் திறக்க மாட்டேன் என்றார். மூன்று தடவை போனோம். மூன்றாம் தடவை அப்பா பள்ளிக்கூடத்துப் பழைய புத்தகம் அத்தனையும் சும்மா பைண்டு போட்டுத் தருவதாகச் சொன்னார். பீரோ திறந்தது. ஒரு மாதம் அந்த வேலை நடந்தது.

எழுமலையில் ஒரு பெரிய வீட்டில் ஒன்று. அந்த வீட்டுக் காட்டில்தான் அப்பாவின் வீட்டார் கூலி. பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அப்பாவை அடையாளம் தெரிந்துவிட்டது.

"அடடே, எலிக்காரன் மகனா? என்னடா, எலி பிடிச்சது போக இப்ப புத்தகம் பிடிக்கக் கெளம்பிட்டியா?"

"ஆமாங்கய்யா."

"எங்க வரப்புல நீ தோண்டுன வளைய அடைக்கவே எனக்கு ரெண்டாளு கூலி ஆச்சு, தெரியுமா?"

"தெரியுங்கய்யா. புத்தகத்தக் குடுத்தீகன்னா போயிருவேன்."

உள்ளேயிருந்து ஒரு பெண் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா முற்றத்தில் குத்தவைத்து அந்தப் பக்கத்தைப் பிரித்தார். பெரியவர் எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"இது எந்த ஊருடா?"

"தூங்குற ஊருங்கய்யா" என்று சொல்லிவிட்டு அப்பா வெட்டினார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு பன் வாங்கிக் கொடுத்தார். அவர் சாப்பிடவில்லை. அன்றாவது என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. கடைசிவரை அந்த வரியைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குப் பாரம் இறங்கியிருக்கும்.

மற்ற ஊர்களிலும் தேடிப் போய் வெட்டினோம். ஒரே ஒரு புத்தகம் மட்டும் அகப்படவில்லை. உசிலம்பட்டிச் சந்தையில் விற்றது. ரசீதில் பெயர் இல்லை. "ஒரு பொம்பளைண்ணே. இடுப்புல பிள்ளை, தலையில கூடை. பிள்ளை கொக்கக் காட்டி அழுதுச்சு, வாங்கிட்டுப் போச்சு" என்றார் வேன் அண்ணன். அப்பா சந்தை தவறாமல் போய் நின்றார். இடுப்பில் பிள்ளை வைத்திருந்த ஒவ்வொருத்தியிடமும் கேட்டார். ஆறு மாதம். பட்டறை வேலை போயிற்று. ஒருத்தி செருப்பைக் கழற்றினாள். அதன்பிறகு அம்மா அவரைப் போக விடவில்லை. நான் பள்ளிக்கூடம் திரும்பவில்லை. பூக்கடையில் உட்கார்ந்தேன். இப்போதும் மாட்டுத்தாவணியில் பூதான் கட்டுகிறேன்.

அப்பா போய் இருபது வருஷம் ஆகிறது. சாகுமுன் நினைவு தப்பிக் கிடந்தபோது, "சந்தைக்குப் போகணும், பிளேட எடு" என்றார்.

அந்த நாடே இப்போது இல்லை. உக்ரேன் தனி நாடு. பஞ்சம் வந்தது என்று அவர்களே கல் நட்டுச் சொல்கிறார்களாம். பேரன் செல்போனில் அந்தப் பெயரைப் போட்டுத் தேடினான். நாலு படம் வந்தது. பெரிய படங்கள். கொக்கு இல்லை. எலிவளைப் பையன் இல்லை. என்ன ஆனார் என்பதும் அதில் இல்லை.

மாஸ்கோ கேட்டது பெட்டியில் இருந்ததை மட்டும். வெளியே போனதை யாரும் கேட்கவில்லை. பஸ் ஏறிப் போய்த் தேடி வெட்டியது நாங்கள். அந்த மனிதரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து வெட்டினோம்.

சந்தையில் வாங்கிய அந்தப் பெண்ணுக்கு எண்பது இருக்கலாம். இடுப்பில் இருந்த பிள்ளைக்கு நம்மைவிடப் பத்து வயது குறையும். உங்கள் மைத்துனராக இருக்கலாம். சம்பந்தி வீடாக இருக்கலாம். பரணில் பாருங்கள். அட்டையில் கொக்கு. இருந்தால் என்னிடம் கொண்டுவர வேண்டாம். நான் தொட மாட்டேன். கொக்கு வருவதற்கு முந்தின பக்கம் இருக்கிறதா, அதை மட்டும் சொல்லுங்கள். முன்பக்கத்துப் பெயரைப் பிள்ளைகளிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அதன்மேல் சீட்டு இருக்காது.

வேனில் போனது நாற்பத்தொன்று. நாங்கள் வெட்டியது நாற்பது.